பட்டணத்திலேயே கெட்டவன் எங்கே சேர்வது?

"கெட்டும் பட்டணம் சேர்" என்று ஒரு பழமொழி உண்டு. ஊரில் நொடித்துப் போனவன் பட்டணத்துக்குப் போனால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்பது பொருள். நல்ல பழமொழிதான். ஆனால் சொன்ன பெரியவர் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டார். பட்டணத்துக்குப் போய், அங்கேயே கெட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவன் எங்கே சேர்வது? அவனுக்கென்று பழமொழி எதுவும் இல்லை. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் டீக்கடைக் கேள்விகள்தான்.

"என்ன தம்பி, லீவா?"

"எப்ப கிளம்புற?"

"ஒத்துவரலையா? நான் அப்பவே உங்கப்பாகிட்ட சொன்னேன்..."

மூன்றாவது கேள்வி வந்த பிறகு அந்தப் பையன் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறான். இன்னொரு தடவை சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று மனசுக்குள் இருந்தாலும் வெளியே சொல்லப் பயம். ஒரு தடவை தோற்றால் பாவம் என்பார்கள். அதே ஊரில் இரண்டாவது தடவையும் தோற்றால் என்ன சொல்வார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பயம் அநாவசியமானது. முதல் தடவை போவதைவிட இரண்டாவது தடவை போவதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனமான முதலீடு. சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில், முதல் முயற்சி ஏன் தோற்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

பி.காம் முடித்த ஒரு பையன் 30,000 ரூபாயோடு சென்னைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். (அம்மாவின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் அவன் பங்கு வாடகை 4,000. மூன்று மாத அட்வான்ஸ் என்றால் அவன் பங்கு 12,000. மிச்சம் 18,000.

இனி மாதச் செலவு. வாடகை 4,000, மெஸ் சாப்பாடு 5,000, பஸ், ரயில், போன், பயோடேட்டா ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 11,000. ஆக, 18,000 ரூபாய் சுமார் ஏழு வாரத்துக்கு வரும்.

இப்போது வேலைக்கு வருவோம். அதிர்ஷ்டம் இருந்து ஆறாவது வாரத்தில் ஆர்டர் கிடைக்கிறது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்கிறார்கள். அது எட்டாவது வாரம். முதல் சம்பளம் அந்த மாதக் கடைசியில், அதாவது பன்னிரண்டாவது வாரத்தில். கையில் இருப்பதோ ஏழு வாரத்துக்கு. இடையில் ஐந்து வாரப் பள்ளம். ரூபாயில் சொன்னால் சுமார் 12,700.

இந்தப் பையன் என்ன செய்வான்? ஆறாவது வாரத்தில் வேலை கிடைத்தாலே அவன் கடன் வாங்க வேண்டும். பத்தாவது வாரத்தில்தான் கிடைக்கும் என்றால் அதற்குள் அவன் ஊரில் இருப்பான். "பட்டணத்துல பொழைக்கத் தெரியல" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவனுக்குத் திறமை இல்லை என்று இந்தக் கணக்கில் எங்காவது வருகிறதா? காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வியாதியின் பெயர் தெரியும்: நடைமுறை மூலதனப் பற்றாக்குறை. லாபம் வரக்கூடிய கம்பெனிகூட, கையில் ரொக்கம் இல்லாமல் மூடிவிடும். ஆர்டர் புத்தகம் நிரம்பியிருக்கும், வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கப் பணம் இருக்காது. அந்தக் கம்பெனியை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. பையனை மட்டும் சொல்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அவனுக்குக் குறைந்த தொகை 12,700. வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும் அட்வான்ஸ் 12,000. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! அவனை ஊருக்கு அனுப்பியது அந்த அட்வான்ஸ் என்றே சொல்லிவிடலாம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் ரொம்ப காலமாக இருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், பொதுவான வரம்பாக மூன்று மாத வாடகையைச் சொல்கிறது. சட்டம் சொல்வதை எல்லா வீட்டுக்காரர்களும் கேட்கிறார்களா என்பது தனிக் கதை. பத்து மாதம் என்றால் இந்தப் பையனின் பங்கு 40,000. வீட்டுக்குள் காலடி வைக்கும் முன்பே கணக்கு முடிந்துவிடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக வெளியூர்ப் பையன்களைத் தாங்கியதற்குக் காரணம் அந்த அறைகளின் அழகு அல்ல :) பெரிய அட்வான்ஸ் இல்லாமல் ஒரு கட்டில் கிடைத்தது, அவ்வளவுதான். 2013-இல் அம்மா உணவகம் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், தயிர்சாதம் மூன்று, சாம்பார் சாதம் ஐந்து. இலவசம், ஓட்டு என்றெல்லாம் அதை விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் வேலை தேடும் ஒருவனுக்கு அது ஏழு வாரத்தை ஒன்பது வாரமாக நீட்டித் தரும் சமாச்சாரம். அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாழ்க்கை திசை மாறலாம்.

பம்பாயில் தோற்ற ஒரு வக்கீல்

தோற்ற ஊருக்கே திரும்பிப் போனவர்களில் இரண்டு பேரைப் பார்ப்போம். இருவரையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலாமவர், லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு 1891-இல் இந்தியா திரும்பிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பம்பாயில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். முதல் வழக்கு ஸ்மால் காஸ் கோர்ட்டில், ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார். மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி இல்லை என்று அதையும் மறுத்துவிட்டார்கள். வண்டி, டிராம் காசை மிச்சம் பிடிக்கக் கோர்ட்டுக்கு நடந்தே போனார். ஆறு மாதம் போல இழுத்துப் பார்த்துவிட்டு ராஜ்கோட்டுக்கே திரும்பினார். அங்கே மனு எழுதிக்கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் சம்பாதித்தார். பிறகு தென்னாப்பிரிக்கா.

இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். பத்து வருடம் கழித்து அவர் இந்தியா திரும்பியபோது, பம்பாயில் குடியேறித் தொழில் பார்க்கச் சொன்னவர் கோகலே. காந்திக்கும் ஆசைதான். ஆனால் பழைய தோல்வியின் நினைவு விடவில்லை என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதனால் முதலில் ராஜ்கோட்டில் ஆரம்பித்தார். சில வழக்குகளில் ஜெயித்தார். கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது கேவல்ராம் தவே என்ற உள்ளூர் வக்கீல், நீங்கள் இங்கே முடங்கக்கூடாது, பம்பாய்க்குப் போங்கள், எழுத்து வேலையெல்லாம் இங்கிருந்து நாங்கள் அனுப்புகிறோம் என்று தள்ளினார். காந்தி உடனே பெட்டியைத் தூக்கவில்லை. நேட்டாலிலிருந்து வர வேண்டிய பணத்துக்காகக் காத்திருந்தார். பணம் வந்ததும் 1902-இல் கிளம்பினார். இந்தத் தடவை தொழில், அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. அந்த வருடக் கடைசியில் தென்னாப்பிரிக்கா மறுபடி கூப்பிட்டதால்தான் பம்பாயை விட்டார். பிழைக்க முடியாமல் விடவில்லை.

முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் என்ன வித்தியாசம்? சின்ன ஊரில் கை பழகிவிட்டுப் போனார். வேலை அனுப்ப ஒரு ஆள் இருந்தார். பணம் கைக்கு வந்த பிறகு கிளம்பினார்.

மதராஸில் ஃபெயிலான ஒரு மாணவன்

இரண்டாமவர் கும்பகோணத்துக்காரர், ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் உதவித்தொகை போயிற்று. 1906-இல் மதராஸ் வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்புக்கு முடியாமல் படிப்பு நின்றது. எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கு தவிர எல்லாவற்றிலும் ஃபெயில். மதராஸுக்கு வந்தும் பட்டம் இல்லை, வேலை இல்லை. அன்றைக்கு அவருடைய தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க நமக்குக் கஷ்டமே இல்லை.

1909-இல் கல்யாணம். அதன் பிறகு ஒரு ஆபரேஷன். குடும்பம் என்று ஆனதும் வேலை தேடியே தீர வேண்டும். மறுபடி மதராஸை நோக்கித்தான் வந்தார். ஆனால் இந்தத் தடவை நேராக வரவில்லை. திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவர், தாலுகா ஆபீஸில் உட்காரவேண்டிய ஆள் இவர் இல்லை என்று, மதராஸில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கிடைத்தார். அவர் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1911-இல் முதல் கட்டுரை கணிதக் கழகப் பத்திரிகையில் வந்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி மதராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை, சம்பளம் 30 ரூபாய். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கொண்டதே துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான். மற்றதெல்லாம் சரித்திரம்.

1906-இல் வந்த ராமானுஜனுக்கும் 1910, 1911-இல் வந்த ராமானுஜனுக்கும் மூளையில் வித்தியாசம் இல்லை. கையில் இருந்த நோட்டுப் புத்தகம் கனத்திருந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த 25 ரூபாய், நாம் மேலே பார்த்த ஐந்து வாரப் பள்ளத்தை நிரப்பிய பணம்.

சரி, "காந்தியும் ராமானுஜனும் ஜெயித்தார்கள், நீயும் ஜெயிப்பாய்" என்று சொல்வதா நோக்கம்? இல்லை. ஜெயித்தவர்கள் கதை மட்டும்தான் நம் கைக்கு வருகிறது. இரண்டாவது தடவையும் தோற்றவர்கள் சுயசரிதை எழுதவில்லை. இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெற்றியை அல்ல, திரும்பிப் போன விதத்தை.

எப்போது திரும்பிப் போகக்கூடாது?

"இவ்வளவு செலவு பண்ணியாச்சு, அதை எடுத்தே ஆகணும்" என்று கிளம்பினால், அது தப்பான காரணம். போன பணம் போனதுதான். புத்தகத்தில் சங்க் காஸ்ட் என்பார்கள். அது இனி எடுக்கப்போகும் முடிவில் நுழையக்கூடாது. "ஊர் வாயை அடைக்கணும்" என்பதும் அதே ரகம்தான். ஊர் வாய்க்கு யாராலும் பூட்டுப் போட முடியாது.

ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1970-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நகரத்தில் வேலை இல்லாதவர்கள் நிறைய இருந்தும் ஏன் ஜனங்கள் அங்கேயே போகிறார்கள்? நகரச் சம்பளத்தை, அந்த வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கிப் பார்க்கிறார்கள் என்றார்கள். நகரத்தில் 20,000 ரூபாய் வேலை, கிடைக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் அதன் மதிப்பு 10,000. ஊரில் 9,000 உறுதியாக வந்தாலும் அவன் பஸ் ஏறுவான்.

திரும்பிப் போக நினைப்பவர் இந்தக் கணக்கைத் தனக்காக ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். சம்பளம் மாறியிருக்காது. வாய்ப்பு மாறியிருக்கிறதா? டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று கையில் ஒரு தொழில் புதிதாக வந்திருக்கிறதா? உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் உட்கார்ந்து வவுச்சர் பார்த்த அனுபவம் இருக்கிறதா? முதல் மாதம் பாய் விரித்துக்கொள்ள ஒரு நண்பன் அறை இருக்கிறதா? பன்னிரண்டு வாரத்துக்குப் பணம் இருக்கிறதா? இதில் இரண்டுக்காவது "ஆமாம்" வந்தால் தாராளமாகக் கிளம்பலாம். ஒன்றுக்குமே வரவில்லை என்றால், மாறியது காலண்டர் மட்டும்தான். அதே படத்தை இரண்டாவது தடவை பார்த்தால் கிளைமாக்ஸ் மாறாது.

ஊரிலேயே நல்ல வழி கிடைத்துவிட்டதா? இருந்துவிடலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஒருவர் பட்டணத்தில் இருக்கிறாரா என்பதை வைத்து அவரை எடைபோடுவதும் ஒரு வியாதிதான்.

அவளுக்கு ஏன் ஒரே ஒரு டிக்கெட்?

இதுவரை "அவன், அவன்" என்றே வந்தது. காரணம் இருக்கிறது. பையன் தோற்றுத் திரும்பினால் அப்பா திட்டுவார், ஒரு மாதம் பேசமாட்டார், பிறகு அம்மா சமாதானம் செய்து மறுபடி வழியனுப்புவாள். பெண் தோற்றுத் திரும்பினால் யாரும் திட்டமாட்டார்கள். "போதும்மா, கஷ்டப்பட்டது" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அடுத்த வாரம் ஜாதகம் வெளியே வந்துவிடும். திட்டாவது பரவாயில்லை, இந்த அன்பிலிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

அவளுடைய கணக்கும் கடுமையானது. அவள் மேன்ஷனில் தங்க முடியாது. பாதுகாப்பான விடுதி என்றால் செலவு கூடுதல். அதே 30,000 ரூபாய் அவளுக்கு ஏழு வாரம்கூட வராது. ஆக, குறைந்த அவகாசத்தில் ஜெயிக்க வேண்டும், தோற்றால் மறுவாய்ப்பும் இல்லை. இரண்டு பக்கமும் அடி. தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தோழி விடுதிகள் நடத்துகிறது. அவற்றில் வேலை தேடும் பெண்களுக்கும் மூன்று மாதம் குறைந்த வாடகையில் தாராளமாக இடம் கொடுத்தால், எத்தனையோ ஜாதகங்கள் பீரோவிலேயே தூங்கும். ஆனால் விடுதி கட்டுவது சுலபம். "இன்னொரு தடவை போய்ப் பாரு" என்று ஒரு வீடு தன் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டம்.

எல்லோரும் திரும்பிய வருடம்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. நகரங்கள் காலியாகின. பைக்கில் போனார்கள், நடந்தே போனார்கள், மே மாதத்திலிருந்து ஷ்ராமிக் ரயில்களில் போனார்கள். சென்னையிலிருந்து தெற்கே போனவர்கள் அறையைக் காலி செய்தார்கள், அட்வான்ஸில் வாடகையைக் கழித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். தொழிலாளர்களைத் திரும்ப அழைத்துவரக் கம்பெனிகளே பஸ் அனுப்பியதும் நடந்தது.

அந்த வருடம் ஊர் திரும்பியவர்களை யாராவது "பொழைக்கத் தெரியாதவன்" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, எல்லோரும் சேர்ந்து திரும்பினார்கள். தனியாகத் திரும்புகிறவனுக்கும் காரணம் இருக்கிறது. கம்பெனி மூடியிருக்கும், டைபாய்டு வந்திருக்கும், ரூம்மேட் பணத்தோடு ஓடியிருப்பான். அவன் காரணம் டி.வி.யில் வராததால் நாம் அதைக் குணமாக மாற்றிவிடுகிறோம். திரும்பி வருவதில் அவமானம் இருக்கிறது என்பது உண்மையானால் 2020-இல் பாதி தேசம் அவமானப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே, வீட்டில், நட்பு வட்டத்தில், ஆபீஸில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள மூன்றே மூன்று விஷயங்கள்தான்.

1. திரும்பி வந்தவரிடம் "ஏன் வந்துட்ட?" என்று கேட்க வேண்டாம். "அடுத்த தடவை என்ன வேணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் ஒரு தொகையாகவோ ஒரு போன் நம்பராகவோ இருக்கும்.

2. ஏற்கனவே நகரத்தில் காலூன்றியவர்கள் ஒரு மாதத்துக்கு ஒரு பாய் அளவு இடம் கொடுங்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் கடத்தும் ஒரு மாதம் எவ்வளவு பெரியது என்று மேலே கணக்குப் போட்டாகிவிட்டது.

3. இன்டர்வ்யூ எடுப்பவர்கள், பயோடேட்டாவில் ஆறு மாத இடைவெளி இருந்தால் புருவத்தை உயர்த்துவதற்கு முன்னால், அந்த ஆறு மாதத்தில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். ஒரு தடவை விழுந்து, கணக்குப் பார்த்து, எழுந்து வந்தவர், ரிஸ்க் என்றால் என்னவென்று புத்தகத்தில் மட்டும் படித்தவரைவிட உங்களுக்கு உபயோகமாக இருப்பார்.

2002-இல் கோயம்பேடு வந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்து, தெற்கத்தி பஸ்கள் அங்கே போய்விட்டன. பஸ் நிலையம் ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போகிறது, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, முதல் தடவை தோற்பவர்களும் கூடத்தான் செய்வார்கள். அவர்கள் அத்தனை பேரையும் ஒரே தடவையில் "லாயக்கில்லை" என்று கணக்கு முடித்துவிட்டால், நஷ்டம் அவர்களுக்கு மட்டும் இல்லை.

பழைய பழமொழியோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: கெட்டும் பட்டணம் சேர், பட்டணத்தில் கெட்டால் ஊர் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு, மறுபடியும் சேர்.

உங்கள் தெருவிலும் சமீபத்தில் யாராவது திரும்பி வந்திருப்பார்களே... அவரிடம் என்ன கேட்டீர்கள்?